வவுனியாவின் கணிதப் பேராசிரியரும் ஆசனக் கணக்கும்

வாக்குரிமை என்பது வாக்காளர் இடாப்பில் ஒருவரின் பெயர் இடம்பெறுவதோடு நிறைவடைந்துவிடுவதில்லை. அந்தப் பெயர் எந்தத் தொகுதியில் எண்ணப்படுகிறது, அத்தொகுதி எந்த அளவுகோலால் வகுக்கப்பட்டது, அங்கிருந்து தெரிவாகின்றவருக்கு ஆட்சியில் என்ன இடம் கிடைக்கிறது என்பவையும் சேர்ந்தே வாக்கின் பெறுமதியைத் தீர்மானிக்கின்றன. இலங்கையின் தேர்தல் வரலாற்றில் இந்தக் கணக்கின் இரு பக்கங்களிலும் நின்றவர் என்று எவரையேனும் சொல்ல வேண்டுமானால், வவுனியாத் தொகுதியில் 1947ஆம் ஆண்டு சுயேச்சை வேட்பாளராகப் போட்டியிட்டு வென்ற செல்லப்பா சுந்தரலிங்கத்தையே சொல்ல வேண்டும். ‘அடங்காத் தமிழன்’ என்ற பட்டத்தோடு இன்றும் நினைவுகூரப்படும் அவர், ஆட்சிச் சீர்திருத்தத்தைப் பற்றித் தம் வாழ்நாளில் ஒன்றுக்கொன்று நேர்மாறான நிலைப்பாடுகளை எடுத்தவர். அந்த மாற்றங்களின் காரணங்களைத் தொடர்ந்து பார்ப்பது அவருடைய ஆளுமையை மட்டுமன்றி, வன்னி மக்களின் வாக்கு கடந்து வந்த பாதையையும் விளங்கிக்கொள்ள உதவும்.

1895இல் உரும்பிராயில் பிறந்த சுந்தரலிங்கம் ஒக்ஸ்போர்டில் கணிதம் பயின்று, கொழும்பில் பௌத்தக் கல்வியின் தலைமை நிலையமாக விளங்கிய ஆனந்தாக் கல்லூரியில் துணை அதிபராகவும், பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகக் கல்லூரியில் கணிதப் பேராசிரியராகவும் பணியாற்றினார். சிங்களத் தலைவர்களோடு, சிறப்பாக டி.எஸ். சேனநாயக்கவோடு, அவருக்கிருந்த நெருக்கம் இந்தக் காலத்தில் வளர்ந்ததாகும். அந்த நெருக்கத்தின் விளைவாகச் சொல்லப்படும் நிகழ்வு ஒன்று இன்றுவரை தமிழரிடையே கசப்போடு பேசப்படுகிறது.

1931இல் நடைமுறைக்கு வந்த டொனமூர் அரசியலமைப்பு, ஆண் பெண் என்ற வேறுபாடின்றி வயதுவந்த அனைவருக்கும் வாக்குரிமை வழங்கியது. ஆனால் அமைச்சரவையை அமைப்பதற்கு இன்று நாம் அறிந்த முறையை அது கைக்கொள்ளவில்லை. அரசாங்க சபை உறுப்பினர்கள் அனைவரும் ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரிந்து, ஒவ்வொரு குழுவும் தனக்கொரு தலைவரைத் தெரிவு செய்ய, அந்த எழுவருமே அமைச்சர்களானார்கள். ஆகவே சபையில் பெரும்பான்மையாக இருக்கும் ஒரு தரப்பு, தன் உறுப்பினர்களை ஏழு குழுக்களிலும் தக்க எண்ணிக்கையில் பரப்பிவிட்டால், ஏழு தலைவர்களையும் தன் பக்கத்திலிருந்தே பெற்றுவிட முடியும். 1936இல் நடந்தது அதுவே: ஏழு அமைச்சர்களும் சிங்களவராக அமைந்தனர். இந்தப் பங்கீட்டுக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவர் கணிதப் பேராசிரியர் சுந்தரலிங்கமே என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. கணக்கு யாருடையதாயினும், அதன் பாடம் தெளிவானது. ஒரு தமிழ் வாக்காளரின் வாக்கும் பறிக்கப்படவில்லை; ஒரு வாக்குச் சீட்டும் செல்லாததாக்கப்படவில்லை; ஆயினும் தமிழர் அளித்த வாக்கு அமைச்சரவையின் வாசலோடு நின்றுவிட்டது. ஜி.ஜி. பொன்னம்பலம் எழுப்பிய ‘ஐம்பதுக்கு ஐம்பது’ கோரிக்கை, அதாவது பெரும்பான்மையினருக்குப் பாதி, ஏனைய சமூகங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பாதி என்ற பிரதிநிதித்துவக் கோரிக்கை, இந்த அனுபவத்திலிருந்து வலுப்பெற்றதாகும்.

அடுத்து வந்த சோல்பரி அரசியலமைப்பு அந்தக் கோரிக்கையை ஏற்கவில்லை. அதற்குப் பதிலாகத் தொகுதிகளை வகுக்கும் விதியில் ஒரு சலுகையைச் சேர்த்தது. 75,000 பேருக்கு ஓர் ஆசனம் என்ற கணக்கோடு, மாகாணங்களின் நிலப்பரப்பைக் கருத்திற்கொண்டு, ஏறத்தாழ ஆயிரம் சதுர மைலுக்கு ஒன்று என்ற அளவில், நாடு முழுவதற்கும் 25 ஆசனங்கள் மேலதிகமாக ஒதுக்கப்பட்டன. தெரிவு செய்யப்படும் 95 ஆசனங்களில் இவை கால்பங்குக்கும் சற்று அதிகமாகும். மக்கள் செறிந்து வாழாத வரண்ட பிரதேசங்களில் சிறுபான்மையினர் அதிகமாக வாழ்வதால், பரப்புக்கான ஆசனங்கள் அவர்களுக்குப் பயன்படும் என்பது எதிர்பார்ப்பு. வன்னியைப் பொறுத்தவரை இந்த விதி உயிர்நாடியாயிற்று. காடும் குளமும் வயலுமாகப் பரந்து கிடந்த வவுனியா மாவட்டம் அன்று முல்லைத்தீவையும் தன்னுள் அடக்கியிருந்தது. மலேரியாவால் நொந்து போயிருந்த அதன் சனத்தொகை 75,000 என்ற அளவுக்கு மிகவும் கீழே இருந்தது. தலைகளை மட்டும் எண்ணியிருந்தால் வவுனியாவும் மன்னாரும் யாழ்ப்பாணக் குடாநாட்டுத் தொகுதிகளின் வால்களாக ஒட்டவைக்கப்பட்டிருக்கும். நிலமும் எண்ணப்பட்டதாலேயே அவை தனித் தொகுதிகளாயின.

1947 தேர்தலில் குடாநாட்டின் ஏழு தொகுதிகளுள் ஆறு பொன்னம்பலத்தின் தமிழ்க் காங்கிரசின் பக்கம் சாய்ந்தபோது, வவுனியாவும் மன்னாரும் வேறு வழியில் சென்றன. வவுனியாவில் சுந்தரலிங்கமும் மன்னாரில் சி. சிற்றம்பலமும் சுயேச்சைகளாக வென்றனர். 42 ஆசனங்களோடு நின்ற ஐக்கிய தேசியக் கட்சிக்குச் சுயேச்சைகளின் ஆதரவு இன்றி ஆட்சியமைக்க இயலாதிருந்தமையால் இருவரும் அமைச்சர்களாயினர். சுந்தரலிங்கத்துக்கு வர்த்தக வாணிப அமைச்சு கிடைத்தது. சுதந்திர இலங்கையின் முதல் அமைச்சரவையில் தொடக்கத்திலிருந்தே அமர்ந்த இரு தமிழர்களும் வன்னிப் பெருநிலப்பரப்பின் வாக்குகளால் அங்கு சென்றவர்கள் என்பது குடாநாட்டை மையமாக வைத்து எழுதப்படும் தமிழ் அரசியல் வரலாறுகளில் அடிக்கடி விடுபட்டுப் போகும் செய்தி. அந்தக் காலத்துச் சுந்தரலிங்கத்தின் ஆட்சிக் கொள்கை எளிமையானது: ஒற்றையாட்சிக்குள் இருந்துகொண்டே, பெரும்பான்மையினரின் தலைவர்களோடு ஒத்துழைத்து, அமைச்சரவை என்னும் மேசையில் தமிழருக்குரியதைப் பெறலாம் என்பதாகும்.

அந்த நம்பிக்கை நீடித்தது ஓராண்டுக்குச் சற்று அதிகமான காலமே. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், ஒருவர் இலங்கைப் பிரசையாக வேண்டுமாயின் அவருடைய தந்தையோ, அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ இலங்கையில் பிறந்திருக்க வேண்டுமென்று வரையறுத்தது. தோட்டத் தொழிலாளரின் பாட்டனார் பிறந்த காலத்தில் பிறப்புப் பதிவு என்பதே ஒழுங்காக இருந்ததில்லை என்பதால், இலட்சக்கணக்கான மலையகத் தமிழர் தாம் பிறந்த நாட்டிலேயே பிரசாவுரிமை அற்றவராயினர். பதிவின் மூலம் பிரசாவுரிமை பெறுவதற்கென்று 1948 டிசெம்பரில் நாடாளுமன்றத்துக்கு வந்த இந்திய பாக்கிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டமூலம், வதிவிடம், வருமானம் முதலிய நிபந்தனைகளால் அந்த வழியையும் ஒடுக்கியது. இந்தச் சட்டமூலத்தோடு உடன்பட முடியாமல் சுந்தரலிங்கம் அதே மாதத்தில் அமைச்சரவையை விட்டு விலகினார். முந்திய செப்டெம்பரில் அமைச்சராகியிருந்த பொன்னம்பலம் சட்டமூலத்துக்கு ஆதரவாக வாக்களித்தார். அவரிடமிருந்து பிரிந்த எஸ்.ஜே.வி. செல்வநாயகமும் கு. வன்னியசிங்கமும் ஓராண்டின் பின் இலங்கைத் தமிழரசுக் கட்சியை நிறுவினர்.

அமைச்சரவையின் கூட்டுப்பொறுப்பு என்பது, உள்ளே எவ்வளவு வாதாடினாலும் முடிவு எடுக்கப்பட்டபின் வெளியே ஒரே குரலில் பேச வேண்டும் என்ற மரபாகும். அதற்குக் கட்டுப்பட இயலாதவருக்கு விலகுவதைத் தவிர வழியில்லை. எனினும் இந்த விலகலை வெறும் மனச்சாட்சிப் பிரச்சினையாக மட்டும் பார்ப்பது போதாது. 1949இன் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் பிரசையல்லாதோரின் பெயர்களை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கியபோது, தொகுதிகளை வகுக்கும் விதி மட்டும் மாறாமல் இருந்தது. அது வாக்காளரையோ பிரசைகளையோ எண்ணவில்லை; வாழ்வோர் அனைவரையும் எண்ணியது. எனவே வாக்கிழந்த தோட்டத் தொழிலாளர்களின் தலைகள் மலைநாட்டின் ஆசனங்களைக் காப்பாற்றத் தொடர்ந்து எண்ணப்பட, அந்த ஆசனங்களுக்கு வாக்களிக்கும் உரிமை எஞ்சியிருந்தோரிடம் சேர்ந்தது. 1947இல் நுவரெலியாவில் வென்ற சௌமியமூர்த்தி தொண்டமான் உட்பட ஏழு பேரை அனுப்பிய இலங்கை இந்தியக் காங்கிரஸ் 1952இல் ஒருவரையும் அனுப்ப முடியவில்லை. இதனால் இழப்படைந்தவர் மலையகத்தார் மட்டுமல்லர். நாடாளுமன்றத்தில் தமிழ்ப் பிரதிநிதிகளின் மொத்தப் பங்கு சுருங்கியபோது, வவுனியாவிலிருந்தும் முல்லைத்தீவிலிருந்தும் செல்லும் வாக்கின் எடையும் குறைந்தது. பெரும்பான்மைக் கணக்கின் வலிமையை 1936இலேயே கண்டிருந்த ஒருவருக்கு இந்தக் கூட்டல் கழித்தல் எப்படி முடியும் என்பது விளங்காமல் இருந்திருக்க முடியாது.

நீதிமன்றமும் இதற்குப் பரிகாரம் தரவில்லை. சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் பாதகம் விளைவிக்கும் சட்டங்களைத் தடைசெய்திருந்தது; ஆயினும் இலண்டன் பிரிவி கவுன்சில் 1953இல், கோடகன்பிள்ளை எதிர் முதனாயக்க என்ற வழக்கில், தன் பிரசைகள் யார் என்று தீர்மானிப்பது அரசின் இயல்பான அதிகாரம் என்று கூறி அச்சட்டங்களைச் செல்லுபடியாக்கியது.

விலகிய பின் சுந்தரலிங்கம் கையாண்ட முறை இலங்கை அரசியலில் அபூர்வமானது. சிங்கக் கொடியை அடிப்படையாகக் கொண்ட தேசியக் கொடியை எதிர்த்து 1951இல் தம் ஆசனத்தைத் துறந்தார். இடைத்தேர்தலில் வவுனியா அவரையே மீண்டும் அனுப்பியது. மொழிக்கொள்கையை எதிர்த்து அவைக்குச் செல்லாமல் இருந்து 1955இல் மீண்டும் ஆசனத்தை இழந்தார். மீண்டும் வென்று வந்தார். இடைத்தேர்தல் என்பது வெற்றிடத்தை நிரப்பும் ஏற்பாடு. அவரோ அதை ஒரு கேள்விக்குத் தொகுதி மக்களின் விடையைக் கேட்கும் கருவியாக மாற்றினார். நாடாளுமன்றத்தில் தோற்கடிக்கப்படும் சிறுபான்மை வாக்கு, தன் சொந்த மண்ணில் பெரும்பான்மை வாக்காக ஒலிக்க முடியும் என்பதே அதன் உட்பொருள். பிற்காலத்தில் தமிழ் அரசியலில் தேர்தல்களை ‘மக்கள் ஆணை’ என்று வழங்கும் வழக்கத்துக்கு வவுனியாவின் இந்த இடைத்தேர்தல்களை ஒரு முன்னோடியாகக் கொள்வது மிகையாகாது. 2024 செப்டெம்பர் ஜனாதிபதித் தேர்தலில் தமிழ்ப் பொது வேட்பாளராகச் சங்குச் சின்னத்தில் நின்ற பா. அரியநேத்திரனும் வெற்றியை நோக்கியல்ல, தமிழரின் அரசியல் நிலைப்பாட்டைப் பதிவு செய்யவே நின்றார். அவருக்கு 226,343 வாக்குகள் கிடைத்தன.

1956இன் தனிச் சிங்களச் சட்டத்தின் பின் சுந்தரலிங்கத்தின் கொள்கை மறுகோடிக்குச் சென்றது. சமஷ்டியைக் கோரிய தமிழரசுக் கட்சியோடும் அவர் உடன்படவில்லை. ஐரோப்பியர் கைப்பற்றிய தமிழரசின் இறைமையை மீட்க வேண்டுமென்றும், ‘ஈழம்’ என்ற தனியரசே தீர்வென்றும் வாதிட்டார். மத்தியில் பங்கு கேட்டவர் மத்தியே வேண்டாமென்ற இடத்துக்கு வந்து சேர்ந்தார். வவுனியா வாக்காளர் அவரோடு அவ்வளவு தூரம் செல்லவில்லை. 1960 மார்ச்சில் ரி. சிவசிதம்பரத்திடம் அவர் தோற்றார்.

அவருடைய சிந்தனையின் மிகப் பெரிய பிளவு 1968இல் வெளிப்பட்டது. மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலுக்குள் நுழைய ஒடுக்கப்பட்ட சாதி மக்கள் போராடியபோது, எழுபது வயதைக் கடந்திருந்த சுந்தரலிங்கம் அவர்களைத் தடுத்தோரின் முன்னணியில் நின்றார். 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டத்தின் கீழ் வழக்கையும் சந்தித்தார். பாட்டனாரின் பிறப்பைக் காட்டி ஒருவருக்குப் பிரசாவுரிமையை மறுப்பது அநீதி என்று அமைச்சுப் பதவியைத் துறந்தவர், பிறப்பைக் காட்டியே ஒருவருக்குக் கோயில் வாசலை மறுத்தார். இதை முதுமையின் தடுமாற்றமாகச் சொல்லி ஒதுக்கிவிட இயலாது. அவருடைய அரசியலில் உரிமை என்பது எப்போதும் ஒரு சமூகம் இன்னொரு சமூகத்திடம் கேட்பதாகவே இருந்தது. ஒரு சமூகத்துக்குள் ஒருவர் மற்றவரிடம் கேட்பதற்கு அங்கே இடமில்லை.

வன்னியில் இந்த இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. 1958இலும், அதைவிடப் பெருமளவில் 1977இலும், இனக் கலவரங்களால் துரத்தப்பட்ட மலையகத் தமிழர் வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்து குடியேறினர். வவுனியாவில் காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் குடியிருப்புகளை அமைத்தது. சுந்தரலிங்கம் எவருடைய வாக்குக்காகப் பதவி துறந்தாரோ, அவர்களுடைய பிள்ளைகள் அவருடைய பழைய தொகுதியிலேயே காடு வெட்டிக் கழனி செய்யும் நிலை உருவாயிற்று. அவர்களுள் பலர் 1988, 2003ஆம் ஆண்டுகளின் பிரசாவுரிமைச் சட்டங்கள் வரும்வரை வாக்கற்றவர்களாகவே இருந்தனர். காணி உறுதி, கூலி, சாதி மதிப்பு ஆகியவற்றில் அவர்கள் எதிர்கொண்ட பாகுபாடு கொழும்பிலிருந்து மட்டும் வந்ததன்று.

ஆசனக் கணக்கும் இதற்கிடையில் உருமாறியது. 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பின்படி மாவட்டங்களுக்குரிய 196 ஆசனங்களில் 160 பதிவு செய்யப்பட்ட வாக்காளரின் எண்ணிக்கையைக் கொண்டு பங்கிடப்படுகின்றன. எஞ்சிய 36 ஆசனங்கள் மாகாணத்துக்கு நான்கு வீதம் சமமாகப் பிரிக்கப்படுகின்றன. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு ஆகியவை இணைந்த வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு இன்று ஆறு ஆசனங்கள் உள்ளன. கிளிநொச்சி நிர்வாகத்தில் தனி மாவட்டமாயினும், தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தோடு எண்ணப்படுகிறது. அந்த மாவட்டத்தின் ஆசனங்கள் 2010இல் ஒன்பதாக இருந்து, 2015இல் ஏழாகி, 2024இல் ஆறாகின. போரில் இறந்தோரும் புலம்பெயர்ந்தோரும் இடாப்பிலிருந்து மறைய மறைய ஆசனமும் குறைகிறது. இடம்பெயர்ந்தோர், குறிப்பாக 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் வாழ்ந்த முஸ்லிம்கள், தம் பழைய முகவரியில் பதிவு செய்வதற்கு 2013இல் தனிச் சட்டமொன்றே இயற்ற வேண்டியிருந்தது.

அதே 2013 செப்டெம்பரில் வடக்கு மாகாண சபைக்கு நடந்த முதல் தேர்தலில் கிளிநொச்சி நான்கு, முல்லைத்தீவு ஐந்து, வவுனியா ஆறு, மன்னார் ஐந்து என்று மாவட்டவாரியாக உறுப்பினர்கள் தெரிவாகினர். கிளிநொச்சி தனித்து எண்ணப்பட்டது அங்கேதான். 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறை தொகுதியும் விகிதாசாரமும் கலந்ததாக மாற்றப்பட்டது. அதற்கெனத் தயாரிக்கப்பட்ட எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிராகரித்தது. பழைய முறை நீங்கி, புதிய முறை நடைமுறைக்கு வராத அந்த இடைவெளியிலேயே வடக்கு மாகாண சபையின் பதவிக்காலம் அவ்வாண்டு ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுக்கணக்காக அதிகாரம் ஆளுநரிடமே இருந்துவருகிறது. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது; கிராம அலுவலர் படிவங்களைக் கொண்டு வீடு வீடாகச் செல்கின்றார்; மாகாண சபைக்கான வாக்குப்பெட்டி மட்டும் வெளியே எடுக்கப்படுவதில்லை.