ராத்திரி விளக்கு யாருக்கு?

வயலில் உரமிட்ட சில நாளில் தண்ணீரில் பாசி படருவதைத் தஞ்சைச் சீமைப் பெண்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. குடியானவருக்கு அது தொல்லை. வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருக்கிறீர்களா? அங்கே பாசிதான் தோழி!

மீன் கழிவும் ஒருவித உரந்தானே? அது நைட்ரேட்டாகத் தண்ணீரில் சேர்ந்துகொண்டே போகும். பெரிய தொட்டியோடு சின்னத் தொட்டி ஒன்றை இணைத்து, தண்ணீர் இரண்டிலும் சுற்றி வரும்படி செய்து, சின்னதில் கீட்டோமார்ஃபா என்ற கடற்பாசியை விடுங்கள். பார்த்தால் சிக்கு விழுந்த பச்சை நூல்கண்டு! நைட்ரேட்டை உண்டே அது வளரும். அவ்வப்போது ஒரு கைப்பிடி அள்ளி எடுத்துவிட்டால் கழிவும் கூடவே போய்விடும்.

எந்த விளக்கு? விலை உயர்ந்த நீல விளக்கு பவளத்துக்கு உரியது. நம் கடலில் உயிர்ப் பவளம் எடுப்பதோ 2001 முதல் சட்டப்படி குற்றம். மீன் மட்டும் வளர்ப்பவருக்கு அந்தச் செலவு எதற்கு? பாசிக்குச் சிவப்பும் நீலமும் கலந்த செடி விளக்கு நல்லதுதான். ஆனால் கூடமே கத்தரிப்பூ நிறமாகிவிடும்! பகல் வெளிச்சம் போன்ற வெள்ளை எல்.இ.டி.யே போதும் என்பது என் கட்சி.

அதை ஏற்றும் நேரந்தான் முக்கியம். பெரிய தொட்டியின் விளக்கை அணைத்த பிறகு ஏற்றுங்கள். இருட்டில் மீனும் பாசியும் சேர்ந்தே மூச்சுவிடும். கரியமில வாயு பெருகித் தண்ணீரில் அமிலம் ஏறும், பிராணவாயு குறையும். நெருக்கமான தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். இரவெல்லாம் வெளிச்சம் பெறும் பாசியோ அந்தக் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு பிராணவாயு தரும்.

ஒரு எச்சரிக்கை: விளக்கின் ஒயர் பிளக்குக்குக் கீழே தொய்ந்து, பிறகு மேலே ஏறட்டும். வழியும் உப்புத் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.