பந்தாட்ட லீகில் வோட்டும் வெற்றியும்

அரசியல் விவகாரங்களைப் பேசவேண்டிய பத்தியில் கால்பந்தாட்டத்துக்கு என்ன வேலை என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். ஆட்டத்தின் நுட்பங்களைப் பற்றி நாம் எழுதப்போவதில்லை. அதை நடத்துவதற்கு இங்கிலீஷ்காரர்கள் கட்டியிருக்கும் அமைப்பைப் பற்றியே எழுதுகிறோம். உள்ளே வர யோக்கியதை உடையவர் யார், வெளியே போகவேண்டியவர் யார், அதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்விகள் எந்த அரசியல் சட்டத்துக்கும் அஸ்திவாரமானவை. பந்தாட்டத்தில் இக்கேள்விகளுக்கு ஒருவாறு நியாயமான விடை காண இங்கிலாந்துக்கு ஏறக்குறைய 100 வருஷம் பிடித்தது. அந்தச் சரித்திரம் நமது நேயர்களுக்கு உபயோகமானதென்றே கருதுகிறோம்.

முதலில் கட்டடத்தின் உருவத்தைச் சொல்லிவிடுவோம். உச்சியில் இருப்பது பிரிமியர் லீக். அதில் 20 கழகங்கள். அதன் கீழ் சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ என மூன்று வகுப்புகள். வகுப்புக்கு 24 கழகங்கள். ஆக 92. லீக் ஒன் என்பது உண்மையில் மூன்றாம் படி. இரண்டாம் படியில் இருப்பவர்களுக்குச் சாம்பியன்ஷிப் என்று 2004ல் பெயர் சூட்டியது வியாபார சாமர்த்தியமேயன்றி வேறல்ல. ஐந்தாம் படியில் நேஷனல் லீக் என்ற பெயரில் 24 கழகங்கள் தேச முழுவதும் சுற்றி ஆடுகின்றன. ஆறாம் படியில் வடக்கு, தெற்கு என்று இரண்டு பிரிவுகள். ஏழில் நான்கு, எட்டில் எட்டு, ஒன்பதில் பதினாறு. அதற்கும் அடியில் ஜில்லா லீகுகள் பரந்து கிடக்கின்றன. கீழே போகப் போகப் பிரதேசம் சுருங்குவதற்குப் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. அங்கே ஆடுகிறவர்கள் மற்ற நாட்களில் வேறு தொழில் செய்து ஜீவிப்பவர்கள். சனிக்கிழமை போய் ஆடிவிட்டு இரவே வீடு திரும்ப வேண்டியவர்கள்.

வருஷ முடிவில் பிரிமியர் லீகில் கடைசியாக வந்த மூவர் இறங்குகிறார்கள். சாம்பியன்ஷிப்பிலிருந்து மூவர் ஏறுகிறார்கள். முதல் இருவருக்கு நேர்ப் பிரவேசம். மூன்றாவது ஸ்தானத்துக்கு அடுத்தாற்போல் வந்தவர்கள் தமக்குள் பொருதித் தீர்த்துக்கொள்ள வேண்டும். கீழுள்ள படிகளிலும் எண்ணிக்கை மாறினாலும் முறை ஏறத்தாழ இதுதான். ஆகவே ஓர் ஊர் மைதானத்தில் இன்று ஆரம்பிக்கும் கழகம், வெற்றிமேல் வெற்றி பெற்றால், சிபார்சு எதுவுமின்றி உச்சிக்குப் போகலாம் என்பது ஏட்டளவில் உள்ள பாத்தியதை. ஆனால் இக்கட்டடத்துக்குச் சொந்தக்காரர் ஒருவரல்லர். பிரிமியர் லீக் ஒரு கம்பெனி. அடுத்த மூன்று வகுப்புகளிலுள்ள 72 கழகங்களும் வேறொரு கம்பெனியின் அங்கத்தினர். நேஷனல் லீக் மற்றொன்று. ஒரு படியையும் அடுத்த படியையும் இணைப்பது உடன்படிக்கைதான். வழக்கெல்லாம் முளைத்தது அந்த இணைப்புகளில்தான்.

1888ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வில்லியம் மக்கிரெகர் என்பவரின் முயற்சியால் மாஞ்செஸ்டரில் 12 கழகங்கள் கூடி லீகை ஸ்தாபித்தன. லங்காஷயரிலிருந்து ஆறு, மத்தியப் பகுதியிலிருந்து ஆறு. லண்டன் கழகம் ஒன்றுகூட இல்லை. கடைசி நால்வர் வருஷந்தோறும் மறுபடி தேர்தலுக்கு நிற்கவேண்டும், வோட்டுப் போடுகிறவர்கள் மற்றக் கழகத்தார் என்பது ஆதி நாளைய ஏற்பாடு. முதல் வருஷத்தில் நின்ற நால்வருமே திரும்பத் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள்! 1892ல் இரண்டாம் டிவிஷன் உண்டாயிற்று. மேல் டிவிஷனின் கடைசிக் கழகங்களும் கீழ் டிவிஷனின் முதற் கழகங்களும் பரீக்ஷைப் பந்தயம் ஆடிப் பார்க்கும் முறை சில வருஷம் நடந்தது. 1898ல் ஸ்டோக்கும் பர்ன்லியும் மோதிய பந்தயத்தில், சமமாக முடிந்தால் இருவருக்கும் க்ஷேமம் என்ற நிலை இருந்தது. கோல் விழவில்லையென்று சொல்லவும் வேண்டுமோ? அதன்பின் பரீக்ஷைப் பந்தயம் ஒழிந்தது. கடைசி இருவர் இறங்க, முதல் இருவர் ஏறுவது என்ற விதி வந்தது.

விதி வந்த பிறகும் வோட்டு போகவில்லை. 1919ல் முதல் டிவிஷனை 20லிருந்து 22 ஆகப் பெருக்கியபோது, யுத்தத்தினால் லீக் நிறுத்தப்படுமுன் நடந்த கடைசிப் பருவத்தில் இரண்டாம் டிவிஷனில் ஐந்தாவதாக வந்த ஆர்ஸனலை வோட்டுப் போட்டு மேலே ஏற்றினார்கள். மூன்றாவதாக வந்த பார்ன்ஸ்லிக்கு அந்தப் பாக்கியம் கிட்டவில்லை. ஆர்ஸனல் அன்று ஏறியதுதான். அதன்பின் இறங்கியதே கிடையாது.

1920லும் 1921லும் மூன்றாம் டிவிஷன்கள் வந்தன. 1958ல் நான்காம் டிவிஷன் வந்தது. இந்நான்கு டிவிஷன்களுக்குள் ஏறுவதும் இறங்குவதும் ஆட்டத்தின் முடிவைப் பொறுத்தே நடந்தன. தெருவாசலில் மட்டும் பழைய தேர்தலே நீடித்தது. வோட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் ஜனநாயகம் என்று மகிழ்ந்துவிடுவது நம்மவர்களிடம் உள்ள பழக்கம். வோட்டர் யார் என்றல்லவோ முதலில் விசாரிக்க வேண்டும்? உள்ளே இருக்கிறவர்களே வோட்டர்கள். நாளை நாமும் கடைசியில் வந்து நிற்கக்கூடும் என்ற அச்சம் ஒவ்வொருவருக்கும் உண்டு. 1958 முதல் 1986 வரை இவ்வாறு வோட்டில் வெளியேற்றப்பட்டவை ஐந்தே கழகங்கள். 1972ல் ஹெரிபோர்டு உள்ளே வந்ததற்கு, அவ்வருஷம் கோப்பைப் பந்தயத்தில் அது நியூகாஸிலைத் தோற்கடித்துத் தேசத்தையே பேசவைத்தது பெருந்துணையாயிற்று. அப்படிப்பட்ட அற்புதம் செய்யாதவர்கள் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். 1980ல் வெளிக் கழகங்களின் தேசிய லீகில் முதலாவதாக வந்த ஆல்ட்ரிங்கம், நான்காம் டிவிஷனில் கடைசியாக வந்த ராச்டேலிடம் ஒரே ஒரு வோட்டில் தோற்றது. முதலாவதாக வந்தவன் கடைசியாக வந்தவனிடம் தோற்கும் விந்தையை மைதானத்தில் காணமுடியாது. கமிட்டி அறையில்தான் காணலாம். ஆல்ட்ரிங்கம் அந்த வாசலை இதுவரை தாண்டவில்லை.

1987ல்தான் இத்தேர்தல் ஒழிந்தது. ஸ்கார்பரோ வெற்றியின் பேரில் உள்ளே வந்த முதற் கழகம். லிங்கன் ஸிட்டி இறங்கியது. இறங்கினால் அழிந்தோம் என்று பயந்தவர்களுக்கு லிங்கனே பதில் சொல்லிற்று. மறு வருஷமே ஜயித்துத் திரும்பிவிட்டது. 2003 முதல் ஓர் இடம் இரண்டு இடமாயிற்று. மூன்றாவது இடமும் வேண்டுமென்று நேஷனல் லீக் கழகங்கள் 2025ல் பகிரங்கமாகக் கிளர்ச்சி தொடங்கின.

வோட்டு போன இடத்தில் ஷரத்து வந்து உட்கார்ந்துகொண்டது. மைதானத்தில் இத்தனை பேருக்கு இடம் வேண்டும், இன்ன தேதிக்குள் தயாராக வேண்டும் என்று நிபந்தனைகள் கடுமையாயின. 1994ல் கிட்டர்மின்ஸ்டர், 1995ல் மாக்கிள்ஸ்பீல்டு, 1996ல் ஸ்டீவனேஜ் என்று மூன்று வருஷம் தொடர்ந்து முதலிடம் பெற்ற கழகங்கள் மைதானத்தைக் காரணங்காட்டித் தடுக்கப்பட்டன. ஸ்டீவனேஜ் ஐகோர்ட்டுக்குப் போயிற்று. தொழில் தொண்டுகளில் பழகியவர்கள் இவ்வழக்கைக் கவனிக்க வேண்டும். பருவம் முடிவதற்கு வெகு முன்னதாகவே, டிஸம்பர் 31க்குள், மைதானம் தயாராக இருக்கவேண்டும் என்ற ஷரத்தின் நியாயத்தை ஜட்ஜ் கார்ன்வாத் சந்தேகித்தார். ஆயினும் பருவத்தின் துவக்கத்திலேயே ஆக்ஷேபிக்காமல், ஜயித்த பிறகு வழக்குத் தொடுத்தது காலதாமதம் என்று கூறிப் பரிகாரம் மறுத்துவிட்டார். அப்பீலிலும் தீர்ப்பு நிலைத்தது. கடைசியாக வந்த டார்க்கீ பிழைத்தது. ஸ்டீவனேஜ் உள்ளே வர 2010 வரை காத்திருந்தது. ஜயிப்பதற்கு முன் வழக்காடுகிறவனை வீம்பன் என்பார்கள்; ஜயித்த பின் வழக்காடினால் காலங்கடந்தது என்கிறார்கள். எந்த நாளில்தான் அவன் கோர்ட்டுக்குப் போவது?

1992ல் முதல் டிவிஷனின் 22 கழகங்களும் லீகிலிருந்து விலகிப் பிரிமியர் லீகை அமைத்துக்கொண்டன. டெலிவிஷன் பணத்தைத் தாங்களே வைத்துக்கொள்ளவேண்டும் என்பது நோக்கம். ஏறும் வழியை அடைக்கவில்லை. அதை நாம் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2024ல், முந்திய வருஷம் ஏறிவந்த லூடன், பர்ன்லி, ஷெபீல்டு யுனைடெட் மூன்றும் இறங்கின. 2025ல் லெஸ்டர், இப்ஸ்விச், ஸௌதாம்ப்டன் மூன்றும் அவ்வாறே இறங்கின. வாயிற்கதவு திறந்திருக்கிறது, உள்ளே உட்கார நாற்காலி இல்லை. அதுவும் போதாதென்று 2021 ஏப்ரலில் ஆறு இங்கிலீஷ் கழகங்கள், தாங்கள் ஒருநாளும் இறங்கவேண்டாத ஐரோப்பிய ஸூப்பர் லீக் ஒன்றில் சேர்வதாக அறிவித்தன. 1919ல் வோட்டினால் ஏறிய ஆர்ஸனலும் அவற்றுள் ஒன்று. சொந்த ஆதரவாளர்களே வீதிக்கு வந்து எதிர்த்ததால் இரண்டே தினங்களில் ஆறும் பின்வாங்கின. 2025ல் பார்லிமெண்டு சட்டமியற்றிப் பந்தாட்டத்துக்கென்று தனி அதிகாரியை நியமித்ததற்கு அச்சம்பவமும் ஒரு காரணம்.

அந்த ஆதரவாளர்கள் எதற்காக அவ்வளவு ஆத்திரப்பட்டார்கள் என்பதற்கு விம்பிள்டன் சாக்ஷி. 2002ல் விம்பிள்டன் கழகத்தை அதன் முதலாளிகள் வெகுதூரத்திலுள்ள மில்டன் கீன்ஸ் என்ற ஊருக்குக் கொண்டுபோக அநுமதி பெற்றார்கள். ஊரார் அழுதுகொண்டிருக்கவில்லை, தாங்களே ஒரு கழகம் ஸ்தாபித்து ஒன்பதாம் படியில் ஆட ஆரம்பித்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஐந்து முறை ஏறி, 2011ல் லீகுக்குள் வந்து சேர்ந்தார்கள். வோட்டு முறை நீடித்திருந்தால் அந்தப் புதுக் கழகத்துக்கு வோட்டுப் போடுகிறவர் யார்?

நமது தேசத்தில் 2014ல் இந்தியன் ஸூப்பர் லீக் பணங்கட்டியவர்களைக் கொண்டு தொடங்கியது. 2017ல் ஐ லீகை ஜயித்த ஐஜால் கழகமும், 2019ல் ஜயித்த நமது சென்னை ஸிட்டியும் அதில் நுழைய வழியே இருக்கவில்லை. வெற்றியின் பேரில் முதன்முதல் 2023ல் பஞ்சாப் கழகம் ஏறியது. 2024ல் கல்கத்தா மொஹமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. 2025ல் முடிந்த பருவம் வரை அதிலிருந்து கீழே இறக்கப்பட்ட கழகம் ஒன்றுகூட இல்லை.