ராத்திரி பதினோரு மணி அதிரசம்

பொங்கலுக்குப் புதுச்சேரியின் சோரியாங்குப்பத்துக்கு வருகிறவர்கள் சீக்கிரம் கிளம்பிவிட மாட்டார்கள். தை ஐந்தாம் நாள் தென்பெண்ணையில் ஆற்றுத் திருவிழா. சுற்றுப்பட்டுச் சாமிகள் தீர்த்தவாரிக்கு ஆற்றுக்கு வரும். கரையில் சிறுவள்ளிக்கிழங்கைக் குவித்து வைத்து விற்பார்கள். அதையும் வாங்கி அவித்துத் தின்ற பிறகுதான் சென்னைக்கும் பெங்களூருக்கும் பஸ் ஏறுவது. அதுவரை அம்மா வீடு, பாட்டி வீடு, சித்தி வீடு. எந்த வீட்டிலும் அடுப்பு அணைவதில்லை. இந்த நாட்களை நினைத்து மார்கழியிலேயே பயந்துகொண்டிருப்பவர்கள் சிலர் உண்டு. தின்னத் தொடங்கினால் நிறுத்த முடியாத வேகம் தங்களுக்கு வரும் என்று தெரிந்தவர்கள். இந்தப் பேச்சு அவர்களோடுதான். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், நிதானமாகவே பேசுவோம்.

பண்டிகை நாளில் ஒரு கரண்டி பொங்கல் கூடுதலாகச் சாப்பிடுவதை நான் சொல்லவில்லை. அது எல்லோரும் செய்வது, சந்தோஷமானது. நான் சொல்வது வேறு. கூடத்தில் எல்லோரும் தூங்கிய பிறகு, அடுப்படி விளக்கைப் போடாமல், எவர்சில்வர் டின் மூடியைச் சத்தம் வராமல் திருகி, நின்றபடியே அதிரசத்தை ஒன்று, இரண்டு, ஐந்து என்று உள்ளே தள்ளுவது. மூன்றாவதிலேயே ருசி போய்விடும், கை நிற்காது. குறைந்தது தெரியாதபடி மிச்சத்தைப் பரப்பி வைத்துவிட்டு, வயிறு வலிக்கப் பாயில் வந்து படுத்துத் தன்னைத் தானே திட்டிக்கொள்வது. இது வாரத்துக்கு ஒரு தடவையாவது வந்து, மூன்று மாதம் நீடித்தால் மருத்துவர்கள் அதை நோய் என்றே சொல்கிறார்கள். ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ என்ற பெயரில் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் அதைத் தனி நோயாகப் பட்டியலில் சேர்த்தது. ஒல்லியாக இருப்பவருக்கும் வரும், ஆண்களுக்கும் வரும்.

“வாயைக் கட்டத் தெரியாதவ” என்று வீட்டில் சொல்வார்கள். உண்மை பெரும்பாலும் நேர்மாறு. வாயை அளவுக்கு மீறிக் கட்டியவர்களுக்குத்தான் இந்த வேகம் அதிகம் வருகிறது. 1944–45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்பவர், திடகாத்திரமான 36 இளைஞர்களுக்கு ஆறு மாதம் அரைவயிற்றுச் சாப்பாடு கொடுத்துப் பார்த்தார். அவர்கள் தாங்களே சம்மதித்து வந்தவர்கள். அதற்குமுன் சாப்பாட்டைப் பற்றிப் பெரிதாக நினைக்காதவர்கள், நாள் முழுக்க அதே நினைப்பாக ஆனார்கள். சிலர் சமையல் புத்தகம் சேர்த்தார்கள். பிறகு தடையில்லாமல் சாப்பிட விட்டபோது, வயிறு முட்டியும் பசி தீரவில்லை என்று தின்றுகொண்டே இருந்தவர்கள் அவர்களில் உண்டு. அவர்களை யாரும் சரியாக வளர்க்கவில்லை என்று சொல்ல முடியுமா? பட்டினி கிடந்த உடம்பு அப்படித்தான் கேட்கும்.

பட்டினியோடு வருத்தம், தனிமை, தூக்கமின்மை, சொந்தக்காரர் வாய் எல்லாம் சேர்ந்துகொள்ளும். வாசலில் கால் வைத்ததும் “என்னடி, பூசினாப்ல ஆயிட்ட?” என்று அத்தை கேட்பார். அதே அத்தை மத்தியானம், “இன்னும் ரெண்டு கரண்டி வெச்சுக்கோ, எலும்பா இருக்கே” என்பார். இதற்கிடையில் சர்க்கரை நோய்ப் பேச்சு. 2023இல் வெளிவந்த ஐ.சி.எம்.ஆர். ஆய்வில், நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்தபடியாக நீரிழிவு அதிகம் இருந்த இடம் புதுச்சேரி, 26.3 சதவீதம். அதனால் ஒவ்வொரு வீட்டிலும் யாரோ ஒருவர் எதையோ சாப்பிடக் கூடாது. பயமும் உபசாரமும் ஒரே இலையில் விழுந்தால் பிள்ளை எதைக் கேட்கும்?

என்ன செய்யலாம்? முதல் காரியம், காலை இட்லியை விடாதீர்கள். ராத்திரி தின்றதற்குத் தண்டனையாகக் காலையில் காபியோடு நிறுத்திக்கொள்வதுதான் அடுத்த ராத்திரிக்கான விதை. ஆக்ஸ்போர்டில் இந்த நோய்க்கு வைத்தியம் வகுத்த கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் சொல்வதும் இதுவே: மூன்று வேளைச் சாப்பாடு, நடுவில் இரண்டு மூன்று சிற்றுண்டி, விழித்திருக்கும்போது சாப்பிடாமல் நாலு மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. முந்தின நாள் என்ன நடந்திருந்தாலும் இது மாறாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுக்கிறவர்கள் மட்டும் இந்த நேரக் கணக்கை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இரண்டாவது, எனக்கு மிக முக்கியமாகப் படுவது. அதிரசத்தைப் பகலிலேயே, எல்லோர் முன்னாலும், தட்டில் வைத்து, உட்கார்ந்து சாப்பிடுங்கள். நாலு மணி டீயோடு இரண்டு. “எனக்கு வேண்டாம்” என்று பகல் முழுக்கச் சொல்லிவிட்டால், இருட்டில் அந்த டின் உங்களையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். டின்னைப் பூட்டி வைக்கச் சொல்லவும் வேண்டாம். சொந்த வீட்டில் திருடன்போல உணரவைக்கும் ஏற்பாடு அது.

அப்படியும் வேகம் வரும். 2024 டிசம்பரில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்ததைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை: ஏறும், உச்சிக்குப் போகும், வடியும். இந்த வேகத்துக்கு உச்சி பெரும்பாலும் அரை மணிக்குள். அந்த நேரத்தை அடுப்படியில் கழிக்காதீர்கள். பல் துலக்குங்கள், திண்ணையில் உட்கார்ந்து சிநேகிதிக்கு போன் போடுங்கள். வீட்டில் ஒரே ஒருவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: “சித்தி, ராத்திரி எனக்கு ஒரு மாதிரியா இருந்தா உங்களை எழுப்புவேன், எதுவும் கேக்காம பக்கத்துல உக்காந்தா போதும்.” எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை, சொன்னால் ஊர்ப்பேச்சாகிவிடும். பந்தியில், இலையில் கொஞ்சம் மிச்சம் வைத்துச் சாப்பிடுங்கள்; காலி இலையைக் கண்டால்தான் கரண்டி வரும்.

தின்ற பிறகு விரலை விட்டு வாந்தி எடுப்பதும், பேதி மாத்திரை போடுவதும் உங்களுக்குப் பழக்கமாகியிருந்தால் ஊர் திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். உடம்பில் பொட்டாசியம் இறங்கினால் இதயத் துடிப்பே தடம் மாறும். கோரிமேடு ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. பேச்சு முறையிலான சிகிச்சையில் இந்த நோய் நன்றாகக் கட்டுப்படுகிறது.

வீட்டுப் பெரியவர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஊரிலிருந்து பிள்ளை வந்ததும் அதன் உடம்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள். இளைத்தது, பெருத்தது, இரண்டும் வேண்டாம். “போதும்” என்றால் கரண்டியை எடுத்துக்கொண்டு அடுத்த இலைக்குப் போங்கள். காலையில் டின்னில் குறைந்திருந்தால் எண்ணிப் பார்க்காதீர்கள். வழக்கம்போலக் கூப்பிட்டு இட்லி போடுங்கள்.

யாரிடமும் சொல்ல முடியாத ராத்திரி என்றால் 14416க்கு போன் செய்யுங்கள். மத்திய அரசு 2022இல் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் அது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.