தெரிந்தும் தெரியாததுபோல

நோயாளிக்கு வந்திருப்பது புற்றுநோய் என்று தெரிந்தால், அதை அவரிடமே சொல்வீர்களா? சிகாகோ மருத்துவமனை ஒன்றில் 219 டாக்டர்களிடம் இப்படிக் கேட்ட ஆய்வு 1961இல் வெளியானது. ஏறக்குறைய 90 சதவீதம் பேர் சொல்லாமலிருப்பதையே விரும்பினார்கள். 1979இல் வெளியான ஓர் ஆய்வில் அதே கேள்விகளை இன்னொரு மருத்துவமனையில் கேட்டபோது 97 சதவீதம் பேர் சொல்வோம் என்றார்கள். இப்படியொரு தலைகீழ் மாற்றத்தை எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால்தான் கண்டுபிடிக்க முடியும்.

ஆனால் அந்த 90 சதவீதத்தை வைத்துக்கொண்டு ஒரு வார்டுக்குள் போனால் என்ன தெரியும்? நோயாளி கேட்டால் நர்ஸ் என்ன சொல்லிச் சமாளிக்கிறார், மனைவி எந்த முகத்தோடு உள்ளே வருகிறார் என்பதையெல்லாம் அங்கேயே நின்று பார்த்தால்தான் உண்டு.

பார்னி கிளேசர், ஆன்செல்ம் ஸ்ட்ராஸ் என்ற இரு சமூகவியலாளர்களும் ஜீன் குவின்ட் என்ற செவிலியரும் அதைத்தான் செய்தார்கள். சான் பிரான்சிஸ்கோ பகுதி மருத்துவமனைகளில் நின்றார்கள், கவனித்தார்கள், பேசினார்கள், எழுதிவைத்தார்கள். அந்தக் குறிப்புகளிலிருந்து 1965இல் ‘அவேர்னஸ் ஆஃப் டையிங்’ புத்தகம் பிறந்தது. பண்புசார் ஆய்வு படிக்கத் தொடங்கும் மாணவர் கையில் நான் முதலில் கொடுப்பது அதைத்தான்.

சாகப்போகும் நோயாளியைச் சுற்றி நான்கு நிலைகளை அவர்கள் இனங்கண்டார்கள். அவருக்கு எதுவும் தெரியாது, அல்லது சந்தேகப்படுகிறார், அல்லது எல்லோருக்கும் தெரிந்து வெளிப்படையாகப் பேசுகிறார்கள். இன்னொன்றுதான் விசித்திரமானது: அவருக்கும் தெரியும், மற்றவர்களுக்கும் தெரியும், ஆனாலும் யாருக்கும் தெரியாததுபோலவே நடந்துகொள்கிறார்கள்.

இந்தப் பாவனைக்கு விதிகள் உண்டு. பேச்சு சாப்பாடு, தூக்கம், சின்னச் சின்ன வலிகள் என்று ஆபத்தில்லாத பக்கமே போகவேண்டும். சாவைப் பற்றிப் பேச்சு வந்தாலும் யாரும் உடைந்துவிடக் கூடாது. ஒருவர் வாய் தவறிவிட்டால், மற்றவர் அது காதில் விழாததுபோல நகர்ந்துவிட வேண்டும். இவற்றை யாரும் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. அப்பாவின் நோயை அப்பாவிடமே மறைத்த வீடுகள் நம்மிடையே எத்தனையோ. அதை நம் குடும்பத்து விஷயம் என்றே நினைத்திருப்போம். கடல் தாண்டிய ஊரில், நர்ஸுக்கும் நோயாளிக்கும் நடுவிலும் அதே விதிகள் ஓடுவதைப் படிக்கும்போது எனக்கு இன்றும் சிலிர்க்கிறது.

மாணவர் ஊன்றிப் படிக்க வேண்டியது, அவர்கள் வார்டுகளைத் தேர்ந்தெடுத்த விதம். முதலில் போனது குறைமாதக் குழந்தைகள் பிரிவுக்கு. தனக்கு வரும் சாவை அந்தக் குழந்தை அறிய வழியே இல்லை. அடுத்தது நரம்பியல் அறுவை வார்டு, அங்கே பலர் நினைவின்றிக் கிடப்பார்கள். பிறகு தீவிர சிகிச்சைப் பிரிவு: சாவை எதிர்பார்க்கிறார்கள், சீக்கிரமும் வந்துவிடுகிறது. புற்றுநோய் வார்டில் அது மெதுவாக வருகிறது. நோயாளிக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் இருக்கலாம். அவசரப் பிரிவிலோ யாரும் நினைக்காத நேரத்தில் சட்டென்று. அடுத்து எங்கே போவது என்பதை அதுவரை எழுதிய குறிப்புகளே சொல்லின. இந்த முறையை 1967இல் கிளேசரும் ஸ்ட்ராஸும் தனிப் புத்தகமாகவே விளக்கினார்கள்.

குறிப்புகள் அப்படி வழிகாட்ட, மாணவர் தன் நேர்காணலை எழுத்தாக்கியபின் வரிவரியாகப் படித்துக் குறியிட வேண்டும். ‘டாக்டர் என் பையனைப் பார்த்துத்தான் பேசினார்’ என்று ஒரு வரி இருப்பதாக வைத்துக்கொள்வோம். புதிதாகப் படிப்பவர் ஓரத்தில் ‘டாக்டர் - நோயாளி உறவு’ என்று எழுதுவார். அதை எந்த வரிக்குப் பக்கத்திலும் எழுதலாம். ‘நோயாளியைத் தாண்டிப் பேசுதல்’ என்று எழுதினால் அங்கே நடந்த செயல் பிடிபடுகிறது. உடனே கேள்விகள் கிளம்பும். படித்த நோயாளியையும் தாண்டிப் பேசுவார்களா? பையன் ஊரில் இல்லையென்றால் யாரைப் பார்த்துப் பேசுவார்கள்? அடுத்து தேடிப்போக வேண்டியது, துணைக்கு ஆளில்லாமல் ஆஸ்பத்திரிக்கு வரும் ஒருவரை.

‘ஏன் இத்தனை பேரோடு நிறுத்திவிட்டீர்கள்?’ என்று ஆய்வேட்டுக்கான வாய்மொழித் தேர்வில் மாணவரைக் கட்டாயம் கேட்பார்கள். எந்த நேர்காணலில் எந்தக் குறியீடு முளைத்தது, அடுத்தடுத்தவை அதில் எதைச் சேர்த்தன, எதற்குப் பிறகு புதிதாக ஒன்றும் வரவில்லை என்பதைத் தேதி போட்ட குறிப்புகளிலிருந்து காட்டினால், அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும்.