தங்கவயல் வானத்துக்கு எந்தத் தொலைநோக்கி?

தொலைநோக்கிப் பெட்டியின் மேல் '525 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தால் அதை வாங்காமல் விடுவதே நல்லது. உள்ளே இருப்பது பெரும்பாலும் 60, 70 மி.மீ. லென்ஸ்தான். மி.மீ. கணக்கில் விட்டம் எவ்வளவோ, அதில் இரண்டு மடங்குதான் உருப்பெருக்கத்தின் உச்சம், 70 மி.மீ.க்கு 140. அதைத் தாண்டினால் சனி பெரிதாகும், வளையம் கலங்கிப்போகும். எனவே கேட்க வேண்டியது விட்டத்தை. 150 மி.மீ. ஆடி, 70 மி.மீ. லென்ஸைவிட நாலரை மடங்கு ஒளியை வாங்கும். அதே அளவில் நல்ல லென்ஸ் கேட்டால் விலை கட்டுபடியாகாது. பெரிய லென்ஸை விளிம்பில் மட்டுமே தாங்க முடியும், தன் எடையிலேயே தொய்யும் என்பதால், 1897இல் யெர்க்ஸ் வானாய்வகத்தில் நிறுவிய 40 அங்குல லென்ஸோடு லென்ஸைப் பெரிதாக்கும் போட்டி முடிந்தது. தங்கவயலை அடுத்த பேத்தமங்களாவுக்குத் தென்கிழக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வேணு பாப்பு தொலைநோக்கியும் 2.34 மீட்டர் ஆடிதான்.

அடுத்தது தாங்கி. வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் ஈக்வடோரியல் தாங்கியைத் துருவ நட்சத்திரத்தை நோக்கித்தான் நிறுத்த வேண்டும். அந்த நட்சத்திரம் பேத்தமங்களாவில் அடிவானத்திலிருந்து 13 டிகிரிதான் எழும்பி நிற்கிறது; நீட்டிய கையில் முஷ்டி ஒன்றேகால் உயரம். ஒரு புளியமரமோ பக்கத்து மாடியோ போதும், மறைந்துவிடும். இங்கே டாப்சோனியன்தான் தோது: ஆடிக்குழாயைப் பலகைப் பெட்டியில் வைத்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கையால் திருப்புவது. கலிபோர்னியாவில் வேதாந்த சங்கத் துறவியாக இருந்த ஜான் டாப்சன் பிரபலப்படுத்தியது அது. தெருவில் போகிறவர்களுக்கு நிலவைக் காட்டுவதற்காகச் செய்த எளிய ஏற்பாடு.

ஆடி இடம் பிசகும் என்பார்கள். பிசகும்தான், பின்புறத் திருகுகளைச் சில நிமிடம் திருப்பினால் சரியாகும். தலைக்கு நேர்மேலே இருப்பதைப் பின்தொடர்வது சிரமம் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம், ஏனென்றால் இந்த அட்சரேகையில் கோள்கள் உச்சிக்கு அருகில்தான் போகின்றன. ஒரு மணி நேரம் பொறுத்தால் அவை சரிந்துவிடும். நெபுலாக்களைப் படமெடுப்பதே நோக்கமென்றால் மட்டும் என் வாதம் நிற்காது. அதற்கு ஈக்வடோரியல் வேண்டும். தூக்கிச் செல்ல எளிது என்று சின்ன லென்ஸைக் கேட்பவருக்கு 10x50 பைனாகுலர் மேல்.

கண்ணால் பார்ப்பவருக்கு இந்த ஊர் தெற்கு வானத்தைத் தாராளமாகத் திறந்து வைத்திருக்கிறது. லண்டனில் ஒருபோதும் உதிக்காத ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து, மே மாத இரவில் இங்கே 30 டிகிரி உயரத்துக்கு வரும். 70 மி.மீ. லென்ஸில் அது புகைத் திட்டு, 150 மி.மீ. ஆடியில் விளிம்பெல்லாம் நட்சத்திரங்களாகப் பிரியும். மழை ஓய்ந்த மார்கழிக்குள் வாங்கிவிடுங்கள், சித்திரை முடிவதற்குள் கை பழகிவிடும்.