மாடலர் இருக்கு, ஃபஸ் பெடலுக்கும் இஎம்ஐ போடணுமா?

ஆசைப்பட்டு ஹீலிக்ஸ் வாங்கியாச்சு. ஆனா உள்ளே இருக்கற ஃபஸ் காதைக் குத்துது. 'நிஜ பெடல்தான் வேணும்'னு கார்டை எடுக்கறீங்களா? கொஞ்சம் பொறுங்க.

1966-ல் வந்த ஃபஸ் ஃபேஸ், அதே காலத்து ரேஞ்ச்மாஸ்டர் ட்ரெபிள் பூஸ்டர் ரெண்டுக்கும் இன்புட் இம்பீடன்ஸ் குறைவு. அது பிக்கப் மேல சுமை ஏத்தி, கூர்மையை மட்டுப்படுத்தும். மாடலர் இன்புட் 1 மெகாஓம்ல நின்னா அந்தச் சுமை கிடைக்காது.

முதல்ல செலவில்லாத வழி:

1. ஃபஸ் பிளாக்கை வரிசையில முதல்ல வைங்க. இன்புட் இம்பீடன்ஸை 'ஆட்டோ'வுக்கு மாத்துங்க.
2. ட்ரெபிள் பூஸ்டரை சுத்தமான ஆம்ப்ல சோதிக்காதீங்க. பிரையன் மே மாதிரி, ஏற்கெனவே கரகரக்கற ஏசி30 மாடலுக்கு முன்னாடி வைங்க.
3. கிட்டார் வால்யூமைக் கொஞ்சம் குறைச்சு வாசிச்சுப் பாருங்க.

ஒரு மாசம் இப்படி வாசிச்ச பிறகும் ஆசை போகலையா? காசு சேத்து வாங்குங்க. நிஜ பெடல் கிட்டாரை ஒட்டியே வரணும். நடுவுல வயர்லெஸ், பஃபர் வேண்டாம்.

'நோ காஸ்ட் இஎம்ஐ'யிலும் பல கார்டுகள் வட்டிப் பகுதிக்கு 18% ஜிஎஸ்டி, கூடவே பிராசஸிங் கட்டணம் போடும். ஒரு செட்டிங்ல தீர்ற பிரச்சினைக்கு ஆறு மாசத் தவணை எதுக்கு?