மங்கலான படமா, போலி வட்டா? ‘கண்டெடுத்த காணொளி’ திகில் படம் வாங்குவோர் கவனத்திற்கு

காணாமல் போனவர்களின் கேமரா கிடைத்தது, அதில் பதிவான காட்சிகளே இவை என்று சொல்லித் தொடங்கும் திகில் படங்கள் ஒரு தனி ரகம். ‘ஃபவுண்ட் ஃபூட்டேஜ்’ எனப்படும் இவற்றைத் தமிழில் ‘கண்டெடுத்த காணொளி’ படங்கள் எனலாம். 1999-இல் வெளிவந்த ‘தி பிளேர் விட்ச் புராஜெக்ட்’ இந்தப் பாணியை உலகெங்கும் பரப்பியது. நம் நாட்டிலும் ‘செரு’ (2011), ‘ஹைலண்ட் டவர்’ (2013) ஆகிய மலாய்ப் படங்கள் இப்படி வந்துள்ளன.

இவற்றை வட்டில் வாங்கி வீட்டில் பார்க்க நினைப்போருக்கு ஒரு சிக்கல் உண்டு. பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் விசிடி, டிவிடி வாங்கிப் பழகியவர்களுக்குப் போலியைக் கண்டுபிடிக்கத் தெரியும். படம் ஆடினாலோ மங்கினாலோ, திரையரங்கில் திருட்டுத்தனமாக எடுத்தது என்று சொல்லிவிடுவார்கள். இந்த ரகத்திலோ அசல் படமே ஆடும், மங்கும், இருட்டாக இருக்கும். கடைக்காரர் போட்டுக் காட்டினாலும் படத்தைப் பார்த்து அசலா, போலியா என்று முடிவு செய்ய இயலாது. எனவே வட்டையும் உறையையும்தான் பார்க்க வேண்டும்.

அசலை அறிவது எப்படி?

முதலில், உறையில் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஹோலோகிராம் முத்திரையும், திரைப்படத் தணிக்கை வாரியத்தின் வகைப்பாடும் உள்ளனவா என்று பாருங்கள். அடுத்து வட்டைத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலையில் அச்சிட்ட டிவிடியின் அடிப்பக்கம் பொதுவாக வெள்ளி நிறத்தில் பளபளக்கும். கணினியில் பதிவு செய்ததில் பெரும்பாலும் ஊதா சாயல் தெரியும். நடுத்துளையைச் சுற்றிய வளையத்தில் தயாரிப்பாளர் குறியீடு பொறிக்கப்பட்டிருக்க வேண்டும். உள்நாட்டில் தயாராகும் வட்டுகளுக்கு 2000-ஆம் ஆண்டின் ஒளிவட்டுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கியுள்ளது.

நம் வீட்டுக் கருவியில் ஓடுமா?

வட்டுகளுக்கு மண்டல எண் உண்டு. மலேசியாவுக்கு டிவிடியில் 3, புளூ-ரேயில் ‘ஏ’. இந்தியாவுக்கு 5, ‘சி’. பிரிட்டனுக்கு 2, ‘பி’. உறவினர் அன்போடு வாங்கி வந்த வட்டு நம் வீட்டில் ஓடாமல் போவதற்கு இதுவே காரணம். ‘பிளேர் விட்ச்’ படம் புதுப்பிக்கப்பட்டு 2024-இல் பிரிட்டனில் புளூ-ரேயாக வந்தது. அது ‘பி’ மண்டலத்துக்கானது. எல்லா மண்டல வட்டுகளையும் ஏற்கும் கருவி இல்லாதவர்கள் அதை வாங்கினால் பணம் வீண்தான்.

தணிக்கை வாரியம் அனுமதிக்காத படத்தை விற்பதும் விநியோகிப்பதும் 2002-ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

கூடுதல் விலை தேவையா?

‘பிளேர் விட்ச்’ படத்தின் பெரும்பகுதி ஹை-8 என்ற வீட்டுக் காணொளிக் கேமராவில் எடுக்கப்பட்டது. மூலத்தில் இல்லாத தெளிவைப் புளூ-ரே கொண்டுவராது. சிறிய தொலைக்காட்சியில் பார்ப்பவருக்கு டிவிடியே போதும். ஆனால் இப்படங்களில் பயம் பாதி ஒலியில்தான் இருக்கிறது. ஏறத்தாழ 15,000 அமெரிக்க டாலரில் இயக்குநர் ஓரன் பெலி தம் சொந்த வீட்டிலேயே எடுத்த ‘பேராநார்மல் ஆக்டிவிட்டி’, தாழ்ந்த உறுமல் ஒலியைக் கொண்டே நம்மை நடுங்க வைக்கும். ஆகவே மிச்சமாகும் பணத்தை நல்ல ஒலிபெருக்கிக்குச் செலவிடலாம்.

பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியது

இப்படங்கள் ‘இது உண்மை’ என்று நம்ப வைப்பதையே தொழிலாகக் கொண்டவை. ‘பிளேர் விட்ச்’ நடிகர்கள் சொந்தப் பெயரிலேயே நடித்தார்கள். அவர்களைக் காணவில்லை என்று விளம்பரமும் செய்யப்பட்டது. அதை நம்பி, நாயகியின் தாயாருக்கு அனுதாபக் கடிதம் அனுப்பியவர்களும் உண்டு. பெரியவர்களே ஏமாந்தார்கள் என்றால் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? உறையில் 18 என்றோ, பழைய வட்டுகளில் 18எஸ்ஜி என்றோ இருந்தால், பிள்ளைகள் தூங்கிய பிறகு பாருங்கள்.

‘ஹைலண்ட் டவர்’ போன்ற படத்தில் இன்னொரு பொறுப்பும் சேர்கிறது. 1993 டிசம்பர் 11-ஆம் தேதி உலு கிள்ளானில் அந்த அடுக்குமாடி இடிந்து 48 பேர் மாண்டது உண்மைச் சம்பவம். மழைநீரும் சரிவர அமையாத வடிகாலும் மலைச்சரிவைச் சரித்தன. படத்தில் வரும் பேய் கற்பனை; இறந்தவர்கள் நம் அண்டை அயலார். வளர்ந்த பிள்ளைகளோடு பார்ப்பவர்கள், படம் முடிந்ததும் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லிவிடுவது நல்லது.